அவையில் கேட்ட கேள்வி அப்புறம் என்ன ஆனது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நாடாளுமன்றமும் சட்டமன்றமும் கூடும் காலத்தில் வரும் கடிதங்களில் பாதி, கேள்வி நேரத்தைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் எம்.பி. ரயில்வே மேம்பாலம் பற்றி மக்களவையில் கேள்வி கேட்டதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. அன்று காலை முழுவதும் நேரலை பார்த்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. செய்தி பொய்யா? (வாசகர், விருத்தாசலம்)

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் கேட்டது நட்சத்திரக் குறியில்லாத கேள்வியாக இருக்கும். அதற்கு எழுத்தில்தான் பதில் வரும். அவையில் யாரும் எழுந்து நின்று பேச மாட்டார்கள்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் பட்டியலில் இடம்பெறலாம். மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரக் கேள்விக்குத்தான் அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்வார். எந்தக் கேள்வி முதலில், எது கடைசியில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது.

பட்டியலில் 20 இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கேள்விகளைத் தாண்டினாலே பெரிது. 2019 நவம்பர் 27 அன்று இருபதும் அவையில் எடுத்துக்கொள்ளப்பட்டன. 1972-க்குப் பிறகு அதுவே முதல் முறை என்று செய்தியானது. மற்ற நாள்களில் நேரமின்றி எஞ்சும் நட்சத்திரக் கேள்விகளுக்கும் எழுத்துப் பதிலே கிடைக்கும். எனவே உங்கள் எம்.பி. கேட்டாரா என்பதைத் தொலைக்காட்சியில் தேடாதீர்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் கேள்வி எண்ணோடு பதிலும் இருக்கும். செய்தியில் வந்த படத்தைவிட அந்தப் பதிலைப் படிப்பதில் பயன் அதிகம்.

பதினைந்து நாள் முன்பே கேள்வியை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். அதிகாரிகள் தயாரித்துத் தருவதை அமைச்சர் படிக்கிறார். பரீட்சைத் தாளை முன்பே கொடுத்துவிட்டு நடத்தும் தேர்வு மாதிரி இல்லையா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

முதல் பதிலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. அந்தப் பதில் அமைச்சகத்தின் கோப்பிலிருந்து வருவது. பதினைந்து முழு நாள் அவகாசம் வேண்டும் என்ற விதியும் நியாயமானதே. நாடு முழுவதிலுமிருந்து கணக்குகளை வரவழைக்க நேரம் வேண்டும்.

ஆனால் நட்சத்திரக் கேள்வியின் உயிர் துணைக் கேள்வியில் இருக்கிறது. பதில் அவையில் வைக்கப்பட்டதும், கேட்ட உறுப்பினர் எழுந்து வழக்கமாக இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். பிறகு அவைத் தலைவர் மற்றவர்களையும் அழைப்பார். இவற்றுக்கு முன்னறிவிப்பு கிடையாது. அமைச்சருக்குத் துறை தெரியுமா தெரியாதா என்பது அங்கே வெளிச்சமாகிவிடும். அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் வேகவேகமாக வருவதும் அப்போதுதான்.

இந்த உரிமை எளிதில் வந்ததல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் 1892-ஆம் ஆண்டுச் சட்டம்தான் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்தது. அரசு சொல்லும் பதிலைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மேலே கேட்க முடியாது. 1909-இல் மூலக் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும் துணைக் கேள்வி கிடைத்தது. மற்ற உறுப்பினர்களுக்கு அது 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகே வந்தது.

துணைக் கேள்வியும் விடாப்பிடியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு முந்த்ரா விவகாரத்தைச் சொல்வேன். எல்.ஐ.சி. தொடங்கி ஓராண்டுகூட ஆகாத நேரம். 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு அது வாங்கியது. பாலிசிதாரர்களின் பணம். மக்களவையில் இது பற்றிக் கேள்வி வந்தபோது முதலில் கிடைத்த பதில்கள் வழவழவென்று இருந்தன. உறுப்பினர்கள் விடவில்லை, மறுபடியும் கேட்டார்கள். டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி ஆவணங்களோடு எழுந்து, எந்தப் பங்கு, என்ன விலை, யார் முடிவு என்று அடுக்கினார். அவர் ஆளும் கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். அதற்குப் பிறகு அரசால் தட்டிக்கழிக்க முடியவில்லை. நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்து, பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சென்னையிலிருந்து சென்று நாட்டின் நிதித் துறையை நடத்திய பெரிய மனிதர் அவர். அவரையும் கேள்வி விட்டுவைக்கவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது, கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல என்பதுதான். இன்று ஆளும் கட்சி உறுப்பினர்கள் பலர் அமைச்சரைப் பாராட்டுவதற்கே கேள்வி நேரத்தைச் செலவிடுகிறார்கள். அந்த நிமிடங்கள் மக்களுடைய நிமிடங்கள். மனம் பொறுக்கவில்லை.

பதில்களைப் படித்துப் பார்த்தேன். "(அ) அத்தகைய தரவு பராமரிக்கப்படுவதில்லை. (ஆ) கேள்வி எழவில்லை." இப்படி ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இதற்கு என்ன செய்ய முடியும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

மிகவும் முக்கியமான கேள்வி. 2020 செப்டம்பரை எடுத்துக்கொள்வோம். பொதுமுடக்கத்தில் ஊர் திரும்பும் வழியில் புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள், அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்று மக்களவையில் எழுத்துக் கேள்வி வந்தது. அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை, எனவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் தந்தது. உயிரிழப்புக்குக் கணக்கில்லை, ஆகவே இழப்பீடும் இல்லை. அந்தக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே நிறுத்தியிருந்தார்கள். எழுத்துப் பதில் மட்டும்தான். அமைச்சரைப் பார்த்து, ஏன் கணக்கு வைக்கவில்லை என்று கேட்கத் துணைக் கேள்விக்கு இடமில்லை.

அதே மாதத்தில் மாநிலங்களவையில் வேறொரு கேள்வி ரயில்வே அமைச்சருக்குப் போனது. புலம்பெயர் தொழிலாளர்களை ஊர் சேர்க்க விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது இறந்தவர்கள் எத்தனை பேர்? செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று, மாநிலக் காவல் துறைகள் தந்த தகவலை வைத்துப் பதில் வந்தது. ஒரே துயரம், இரண்டு கேள்விகள். ஒன்றுக்குக் கைவிரிப்பு, மற்றொன்றுக்கு எண்ணிக்கை. அகலமாகக் கேட்டால் நழுவ வழி கிடைக்கிறது. எந்தத் துறையின் பதிவேட்டில் அந்தத் தகவல் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தத் துறையிடம் குறுகலாகக் கேட்டால் நழுவுவது கடினம்.

அதற்காகத் தரவு இல்லை என்ற பதிலைக் கேட்டவரின் தவறு என்று விட்டுவிட முடியாது. கணக்கு வைக்க வேண்டிய அரசு வைக்காமல் விட்டிருந்தால் அதுவே ஒரு கொள்கை முடிவு. அந்த ஒரு வரியையே அடுத்த கேள்விக்குப் பொருளாக்க வேண்டும்.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது", "பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்களே? (வாசகர், சேலம்)

மறக்க விடக் கூடாது என்பதற்காகவே இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழுக்கள் இருக்கின்றன. ஆராயப்படும், விசாரிக்கப்படுகிறது, பரிசீலனையில் உள்ளது என்பன போன்ற சொற்றொடர்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. அமைச்சர் அவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி அவைக்குத் தெரிவிக்க வேண்டும். முடியாவிட்டால் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும்.

நடைமுறையில் அவகாசம் மேல் அவகாசம் வாங்கி ஆண்டுக்கணக்கில் கிடப்பவை ஏராளம். உறுதிமொழியைக் கைவிட அனுமதிக்குமாறு அமைச்சகங்களே கேட்பதும் உண்டு. குழுவின் அறிக்கைகள் பொதுவில் வெளியாகின்றன. ஊடகங்கள் அவற்றைப் புரட்டுவதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அமைச்சர் அவையில் கோபமாகப் பேசினால் மாலை முழுவதும் விவாதம் நடத்துகிறோம். அவர் கொடுத்த வாக்கு காலாவதியாகும்போது ஒரு வரிச் செய்தி கிடையாது.

அமைச்சர் அவையில் தவறான தகவல் சொன்னால்? (வாசகர், காரைக்குடி)

தவறு தெரிந்தால் அமைச்சரே திருத்த அறிக்கை தர வேண்டும், தருகிறார்கள். தராவிட்டால், மக்களவைத் தலைவரின் 115-ஆவது நெறிமுறைப்படி எந்த உறுப்பினரும் பிழையை எழுத்தில் சுட்டிக்காட்டலாம். வேண்டுமென்றே திசைதிருப்பியதாக நிரூபித்தால்தான் அது உரிமை மீறல். நிரூபிப்பது மிகக் கடினம்.

கேள்வி நேரம், நேரமில்லா நேரம்: என்ன வித்தியாசம்? (வாசகர், ஓசூர்)

கேள்வி நேரத்தில் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். நேரமில்லா நேரத்தில் உறுப்பினர் அவசரப் பிரச்சினையை எழுப்பலாம், அமைச்சர் பதில் சொல்லக் கட்டாயமில்லை. முன்னது மக்களவையில் காலை 11 மணிக்கு. மாநிலங்களவையில் 2014 முதல் நண்பகல் 12 மணிக்கு.

பட்ஜெட் விவாதத்தில் "100 ரூபாய் குறைக்க வேண்டும்" என்று வெட்டுத் தீர்மானம் கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கோடியில் நூறு ரூபாயைக் குறைத்து என்ன ஆகப்போகிறது? (வணிகர், ஈரோடு)

அந்த நூறு ரூபாய், பேசுவதற்கான வாசல். அரசின் பொறுப்பில் உள்ள ஒரு குறிப்பிட்ட குறையைச் சொல்ல அதைக் கொடுப்பார்கள். கொள்கையையே ஏற்கவில்லை என்றால், மானியத்தை, அதாவது துறை அவையிடம் கேட்கும் தொகையை, ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லும் தீர்மானம் உண்டு. செலவு வீண் என்று தோன்றினால், இவ்வளவு தொகையைக் குறையுங்கள் என்று குறிப்பிட்டுக் கேட்கும் வகையும் உண்டு. எந்த வெட்டுத் தீர்மானம் வென்றாலும் அவையின் நம்பிக்கையை அரசு இழந்ததாகவே கருதப்படும். அதனால் இந்தத் தீர்மானங்கள் வெல்வதில்லை. ஆனால் வரிப் பணத்தைத் துறைவாரியாகக் கேட்டு வாங்க அமைச்சர் அவை முன் நின்றாக வேண்டும் என்பது, மானியக் கோரிக்கை என்ற ஏற்பாட்டின் சாரம்.

வேதனை என்னவென்றால், பெரும்பாலான துறைகள் விவாதத்துக்கே வருவதில்லை. கடைசி நாளில் எஞ்சிய கோரிக்கைகளை எல்லாம் ஒட்டுமொத்தமாக வாக்குக்கு விட்டு நிறைவேற்றிவிடுகிறார்கள். 2018-லும் 2023-லும் அமளிக்கு நடுவே ஒரு துறைகூட விவாதிக்கப்படாமல் மத்திய அரசின் முழுச் செலவுக்கும் மக்களவை ஒப்புதல் தந்தது. கூச்சலிட்டவர்களுக்கும் பொறுப்பு உண்டு, காத்திருந்து பேச வைக்காத அரசுக்கும் பொறுப்பு உண்டு. தமிழ்நாடு சட்டப்பேரவையில் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நாள்கணக்கில் நடப்பதையும், ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுவதையும் நான் மதிக்கிறேன். அந்தக் குறிப்புகளை வாங்கிப் படியுங்கள். உங்கள் ஊர் மருத்துவமனைக்கு என்ன அறிவித்தார்கள் என்பது அதில் கிடைக்கலாம்.

சி.ஏ.ஜி. (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை வந்த பிறகு யார் கேள்வி கேட்பது? (வாசகர், நாகர்கோவில்)

பொதுக் கணக்குக் குழு. நாடாளுமன்றத்தில் இதில் 22 பேர்: மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. அமைச்சர் யாரும் உறுப்பினராக முடியாது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவராக இருப்பது மரபு. இங்கே பதில் சொல்வது துறைச் செயலாளர்கள். கேமரா இல்லாத அறை என்பதால் கட்சி பேதம் குறைந்து வேலை நடக்கிறது. செலவான பிறகே ஆராய முடியும் என்பது இதன் எல்லை.

பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டவர்களுக்கு என்ன தண்டனை? (வாசகர், மதுரை)

2005 டிசம்பரில் ரகசியக் கேமராவில் சிக்கிய 11 உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள்: மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர். வெளியேற்றியது செல்லும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சாதாரண வாக்காளர் நான். என் கேள்வியை அவைக்குக் கொண்டுபோக முடியுமா? (குடும்பத் தலைவி, தேனி)

உறுப்பினர் மூலம் முடியும். முதலில், விஷயம் யாருடையது என்று பாருங்கள். ரேஷன் கடை நேரம், ஊர்ச் சாலை, அரசுப் பள்ளி வகுப்பறை என்றால் எம்.எல்.ஏ.விடம் கொடுங்கள். ரயில், அஞ்சலகம், தேசிய நெடுஞ்சாலை, மத்திய அரசுத் திட்டம் என்றால் எம்.பி.யிடம்.

மனுவாக எழுதாதீர்கள், கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள். மக்களவையில் ஒரு கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். வாதம், கேலி, ஊகம், யார் மீதும் பழி கூடாது. நீதிமன்றத்தில் உள்ள வழக்கும் கூடாது. உதாரணமாக, ஜல் ஜீவன் திட்டம் பற்றி: தேனி மாவட்டத்துக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுவாரியாக ஒதுக்கிய தொகை, விடுவித்த தொகை, செலவான தொகை எவ்வளவு? குழாய் இணைப்பு தந்தும் குடிநீர் வராத வீடுகள் பற்றி ஆய்வு நடந்ததா? நடந்திருந்தால் ஊராட்சிவாரியாக விவரம் என்ன? இல்லையென்றால் காரணம் என்ன? ஒதுக்கியது, விடுவித்தது, செலவானது ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒதுக்கீட்டை மட்டும் பெருமையாகச் சொல்லித் தப்பிப்பதை அது தடுக்கும்.

கூட்டத்தொடர் தேதி அறிவிப்பு வந்ததும் எம்.பி. அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். அமைச்சகங்களுக்கு வாரத்தில் ஒவ்வொரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கும். எந்த நாளுக்கான கேள்வி என்பதை அவருடைய உதவியாளரே பார்த்துக்கொள்வார். குலுக்கலில் வரவில்லை என்று சொன்னால், அதே கேள்வியை அந்த அமைச்சகத்தின் அடுத்த நாளுக்கு மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள்.