பழைய ஜீப்பின் பின் அச்சும் ஜிப்ஸி ரிம்மும்

கேள்வி: பழைய சிஜே 3பி வகை மகிந்திரா ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறேன். பின் அச்சு எப்போதோ மாற்றப்பட்டிருக்கிறது என்கிறார் விற்றவர். எந்த அச்சு என்று அவருக்கும் தெரியவில்லை. மாருதி ஜிப்ஸியின் 15 அங்குல ரிம்கள் குறைந்த விலைக்கு வருகின்றன. அவை பொருந்துமா? போல்ட் இடைவெளியை எப்படி அளப்பது?

பதில்: வண்டிப் புத்தகத்தில் இருக்கும் மாடல் பெயரை வைத்து அச்சை முடிவு செய்யாதீர்கள். இந்த வயது ஜீப்புகளில் அச்சு கை மாறியிருப்பது வழக்கம்தான். முதலில் வண்டியின் பின்னால் குனிந்து பாருங்கள். விலிஸ் (ஜீப்பின் மூல அமெரிக்க நிறுவனம்) வழி வந்த ஜீப்புகளில், டிஃபரென்ஷியல் எனும் பற்சக்கர உருண்டை அச்சின் நடுவில் இருக்காது, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். அது நடுவில் இருந்தால், வேறு வண்டியின் அச்சு ஏறியிருக்கிறதோ என்று சந்தேகப்படலாம். பின்மூடியில் 10 போல்ட்டும், ஹவுசிங்கின், அதாவது அச்சின் வெளிக்கூட்டின், வார்ப்பில் 44 என்ற எண்ணும் இருந்தால் அது டேனா 44 வகை அச்சு. எண் சேற்றுக்கும் கிரீஸுக்கும் அடியில் மறைந்திருக்கக்கூடும். கம்பி பிரஷ்ஷும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்து சக்கரத்தின் நடுப்பகுதி. இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ ஜீப்பில் இருந்ததைப் போல, ஹப்பின் முகத்தில் வட்டமாகச் சிறிய போல்ட்டுகள் இருந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங் அச்சு. வண்டியின் எடையை ஹவுசிங் தாங்கும், ஷாஃப்ட் சுழற்ற மட்டுமே செய்யும். தூசி மூடிக்குள் ஸ்பிளிட் பின் போட்ட ஒரே பெரிய நட் இருந்தால், ஷாஃப்ட்டே எடையையும் தாங்கும் செமி ஃப்ளோட்டிங் அச்சு. இந்த இரண்டாம் வகையில் ஹப் சரிவான ஷாஃப்ட் முனையில் இறுகியிருக்கும். அதைச் சுத்தியலால் அடித்துக் கழற்ற முயலாதீர்கள், புல்லர் வேண்டும்.

பெயரைவிட முக்கியம் பல் விகிதம், அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, இன்ஜின் விசையை அச்சுக்குக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் இல்லாமல் கெட்டித் தரையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால், விசையை இரு அச்சுகளுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறி இறுகிவிடும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலிலும், டிரான்ஸ்ஃபர் லீவர் இரு சக்கர இயக்கத்திலும் இருக்கட்டும். பழைய ஜீப்பின் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உள்ள டிரம்மைப் பிடிக்கிறது. அதை விடுவிக்காவிட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட் அசையவே அசையாது. டயரிலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். மறுசக்கரம் தரையில் நிற்பதால், இந்த இரண்டு சுற்று, டிஃபரென்ஷியலின் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலின் ஒரு சுற்றுக்குச் சமம். அதற்குள் ஷாஃப்ட் ஐந்தும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவும் சுற்றினால் விகிதம் 5.38, அதாவது 43 பல்லுக்கு 8 பல். ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88. நாலேகால் என்றால் 4.27. முன் அச்சையும் இதே முறையில் எண்ணிவிடுங்கள்.

இனி போல்ட் இடைவெளி, அதாவது போல்ட்டுகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம். ஐந்து போல்ட் வட்டத்தில் எதிரெதிர் போல்ட் என்று ஒன்று கிடையாது என்பதால், டேப்பைக் குறுக்கே பிடித்து அளப்பவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். அடுத்தடுத்த இரு போல்ட்டின் மையத் தூரத்தை 1.701ஆல் பெருக்கலாம்; ஆனால் அளவில் 1 மில்லிமீட்டர் பிசகினால் விடையில் 1.7 மில்லிமீட்டர் பிசகும். வழக்கமான ஐந்து போல்ட் வட்ட அளவுகளான 112க்கும் 114.3க்கும் உள்ள வேறுபாடே 2.3 மில்லிமீட்டர் எனும்போது அது பெரிய பிழை. அதனால் ஒரு போல்ட்டைத் தாண்டி அடுத்ததற்கு அளந்து, 1.0515ஆல் பெருக்குவதையே நான் விரும்புகிறேன். போல்ட்டின் மையத்தைக் கண்ணால் குறிக்க முடியாது. ஆகவே வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு வெர்னியரால் அளந்து, ஒரு போல்ட்டின் விட்டத்தைக் கழித்துவிடுங்கள். உங்கள் ஜீப்பில் வெளி அளவு 145.5 மில்லிமீட்டர் என்றும், அரை அங்குல போல்ட்டின் விட்டம் 12.6 என்றும் வந்தால், மிச்சம் 132.9, பெருக்கினால் 139.7, அதாவது ஐந்தரை அங்குலம். ஜிப்ஸிக்கும் இதே 5 போல்ட், 139.7தான்.

ஆனால் அது மட்டும் போதாது. ஜிப்ஸியின் போல்ட் 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.25, ஜீப்பினது அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஜிப்ஸி நட்டை ஜீப்பில் ஏற்ற முயன்றால் மரைதான் கெடும். ஜீப்புக்கு உரிய நட்டே போட வேண்டும், அதன் கூம்பு ரிம்மின் குழியில் முழுதாக உட்கார வேண்டும். பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை, அதாவது எதிர்த்திசையில் கழலும் மரை, இருப்பதும் உண்டு. நட் கழலவில்லை என்று குழாய் மாட்டி முறுக்கும் முன், போல்ட் முனையில் ஆங்கில எல் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஃபுல் ஃப்ளோட்டிங் ஹப் என்றால், அது ரிம்மின் மையத் துளையில் இடிக்காமல் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பொருந்தினாலும் ஒரு விஷயத்தை யோசியுங்கள். ஜீப்பின் 6.00-16 டயர் ஏறத்தாழ 28 அங்குல உயரம். ஜிப்ஸியின் 205/70 ஆர் 15 டயர் 26.3 அங்குலம்தான். விகிதம் 5.38 என்று தெரியவந்தால், ஏற்கெனவே வேகத்தில் அலறும் இன்ஜின், அதே வேகத்துக்கு இன்னும் 6 சதவீதம் கூடுதலாகச் சுழலும். ஸ்பீடோமீட்டரும் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அப்போது ஜிப்ஸியின் ரிம்மை மட்டும் வாங்கி, 28 அங்குலத்தை ஒட்டிய உயரமுள்ள 15 அங்குல டயரைப் போட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.