‘ஜீரோ’ சுழியத்தில் இருந்து போனதா?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஜீரோ’ என்று சொல்கிறார்களே, அது ‘சுழியம்’ என்ற தமிழ்ச் சொல்லில் இருந்து போனதுதான் என்று எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒருவர் பேசினார். பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். உங்கள் இதழிலோ அது அரபுச் சொல் என்று எழுதியிருந்தீர்கள். தமிழுக்கு ஒரு பெருமை வந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?
– ஓர் ஆசிரியை, மன்னார்குடி

பதில்: எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் கைதட்டிய பிள்ளைகளுக்கு. நாளைக்கு அவர்களில் ஒருத்தி ஒரு நல்ல அகராதியைப் புரட்டுவாள். அங்கே வேறு வரலாறு இருக்கும். அதற்கப்புறம் தமிழைப் பற்றி நீங்கள் சொல்லும் உண்மைகளையும் அவள் சந்தேகப்படுவாள். எனக்கு அதுதான் கவலை.

‘ஜீரோ’ வந்த வழி மங்கலானதல்ல. ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்துச் சான்று இருக்கிறது. சமஸ்கிருதக் கணித நூல்களில் அதற்குப் பெயர் ‘சூன்யம்’, அதாவது வெறுமை. 628ல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் அதைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் எழுதினார். குவாலியரில் 876ஆம் ஆண்டுக் கோயில் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 270 முழத் தோட்டம், 50 பூமாலை என்று அதில் வரும் கணக்கில், பூஜ்ஜியத்தைச் சின்ன வட்டமாகச் செதுக்கியிருப்பதை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

இந்த எண்முறை அரபு உலகத்துக்குப் போனபோது அங்கிருந்த அறிஞர்கள் ‘சூன்யம்’ என்ற ஒலியை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, காலி என்று அர்த்தம் தரும் தங்கள் சொந்தச் சொல்லான ‘ஸிஃப்ர்’ என்பதை வைத்தார்கள். ஆக, கருத்து இந்தியாவுடையது, சொல் அரபியுடையது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம்.

அடுத்த கட்டம் இத்தாலி. பைசா நகரத்து லியோனார்டோவை ஃபிபொனாச்சி என்றால் உங்கள் கணக்கு வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவருடைய அப்பா இன்றைய அல்ஜீரியாவில் உள்ள புஜியா துறைமுகத்தில், பைசா வணிகர்களுக்காகச் சுங்கத்தில் வேலை பார்த்தார். அங்கேதான் பையன் இந்த எண்களைக் கற்றான். பிறகு 1202ல் எழுதிய ‘லிபேர் அபாச்சி’ நூலின் முதல் அதிகாரத்திலேயே இந்தியர்களின் ஒன்பது எண்கள் இவை என்று 9ல் தொடங்கி 1 வரை எழுதிக் காட்டுகிறார். இவற்றோடு, அரபியில் ‘ஸெஃபிரும்’ எனப்படும் 0 என்ற குறியையும் சேர்த்துக்கொண்டால் எந்த எண்ணையும் எழுதிவிடலாம் என்கிறார். கடன் வாங்கியதை இதைவிட நேர்மையாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? இந்தியர் பெயரும் இருக்கிறது, அரபியின் பெயரும் இருக்கிறது.

அந்த ஸெஃபிரும் இத்தாலியரின் வாயில் ஸெஃபிரோ ஆகி, வெனிஸ் பக்கத்துப் பேச்சில் தேய்ந்து ‘ஸெரோ’ ஆனது. அங்கிருந்து பிரெஞ்சு, பிறகு 1600ஐ ஒட்டி ஆங்கிலம். அதே அரபுச் சொல் அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, வேறு வழியாக, ‘சைஃபர்’ என்று ஆங்கிலத்துக்குள் நுழைந்திருந்தது. நம் தாத்தாக்கள் ‘கணக்கில் சைபர் மார்க்’ என்று திட்டுவார்களே, அது இந்தச் சைபர்தான். (சைபர் கிரைமில் வரும் சைபருக்கும் இதற்கும் உறவில்லை. அது கப்பலில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது.)

இந்த வழியில் சுழியம் எந்த இடத்தில் நுழைகிறது? எங்கேயும் இல்லை. முதலெழுத்தில் கொஞ்சம் ஒலி ஒத்துப்போகிறது என்பதைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் யாரும் காட்டியதில்லை. ஒரு சொல் ஒரு மொழியில் இருந்து இன்னொன்றுக்குப் போனது என்றால், யார் கேட்டார்கள், எங்கே எழுதினார்கள் என்று காட்ட வேண்டும். ‘கட்டுமரம்’ ஆங்கிலத்துக்குப் போனது என்று தைரியமாகச் சொல்கிறோம். ஏன்? சோழமண்டலக் கரையில் இந்த மிதவைகளை இப்படி அழைக்கிறார்கள் என்று ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697ல் வெளியிட்ட பயண நூலில் எழுதிவைத்திருக்கிறார். சுழியத்துக்கு அப்படி ஒரு வரி கொண்டுவாருங்கள், அடுத்த இதழிலேயே முதல் பக்கத்தில் போடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் பழைய தமிழ் எண்முறைக்குப் பூஜ்ஜியக் குறி தேவைப்படவே இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. 1947ஐ ௲௯௱௪௰௭ என்று எழுதினார்கள். ஆயிரம், ஒன்பது நூறு, நாலு பத்து, ஏழு. வாயால் சொல்வது அப்படியே கையில் வந்துவிடும். 2005 என்றால் ௨௲௫, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் இரண்டு காலி இடங்களைக் காட்ட ஒரு குறியும் வேண்டியதில்லை. கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில்கூட முதலில் தமிழ் எண்கள் ஒன்றில் இருந்துதான் தொடங்கின. தமிழுக்கான பூஜ்ஜியம் 2005ல்தான் சேர்ந்தது. இது குறை இல்லை. வேறொரு வகையில் யோசித்த, முழுமையான ஒரு முறை. அதைப் பிள்ளைகளிடம் மறைத்துவிட்டு, இல்லாத ஒன்றைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

தமிழில் ‘ஒன்றுமில்லை’ என்பதை எண் வரிசையில் வைத்த இடம் வேண்டுமா? பரிபாடலைத் திறங்கள். திருமாலைப் பாடும் மூன்றாம் பாடலில் ‘பாழ் எனக் கால் எனப் பாகு என ஒன்று என இரண்டு என’ என்று வரிசை போகிறது. பாழ், கால், அரை, பிறகு ஒன்று, இரண்டு என ஏறி, ஒன்பதை ‘தொண்டு’ என்கிறது. ஒன்றுக்கு முன்னால் பின்னங்களை வைத்து, பின்னங்களுக்கும் முன்னால் பாழை வைத்திருக்கிறார் அந்தப் புலவர். பழைய உரை இதற்குத் தத்துவப் பொருள் சொல்கிறது. அதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் இந்த வரியை ஒரு பிள்ளை மேடையில் சொல்லட்டும், இன்னொரு பிள்ளை தன் பிறந்த ஆண்டைத் தமிழ் எண்ணில் எழுதிக் காட்டட்டும். என்னையும் அழையுங்கள், கட்டாயம் வருகிறேன்.