அலைச்சறுக்கும் நம் பிள்ளைகளும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 16 வயது. தெற்கே அறுகம்பைக் கடலில் பெண்கள் பலகையில் ஏறி அலைச்சறுக்குவதைப் பார்த்துவிட்டு, தானும் பழக வேண்டும் என்கிறாள். என் தமையனை 2004இல் சுனாமி கொண்டுபோனது. அன்றிலிருந்து நான் கடலில் கால் நனைத்ததில்லை. வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு நமக்கு எதற்கு?

ஒரு தாய், உப்புவெளி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்தை விட்டுவிடச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் அதை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

இது வெள்ளைக்காரர் தொடங்கியதல்ல. ஹவாய்த் தீவின் பூர்வகுடிகள் மரப்பலகையில் அலையேறியவர்கள்; அங்கே போன மிஷனரிமாருக்குத்தான் அது பிடிக்கவில்லை. பிற்காலத்தில் அதை உலகெங்கும் கொண்டுசென்ற டியூக் கஹானமோகுவும் ஹவாய்க்காரர், 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றவர். அறுகம்பைப் பெண்கள் 2018இல் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்துவிட்டார்கள்.

நம் திருகோணமலையில் அறுகம்பையின் அலை கிடையாது. தென்கடலிலிருந்து வரும் நீண்ட அலைகள் மே முதல் செப்டம்பர் வரை அறுகம்பை முனையில் வளைந்து ஒழுங்காக உடைகின்றன. நம் கரைக்கு வருமுன் வலுவிழந்துவிடுகின்றன. அந்த மாதங்களில் உப்புவெளியும் நிலாவெளியும் அடங்கிக் கிடக்கும். நீந்தப் பழக அதுவே காலம். வாடைக்காலத்தில் இறங்க விடாதீர்கள்.

பலகையைவிட, கடலைப் படிக்கும் பழக்கமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இரு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒடுங்கிய ஓரிடம் அமைதியாகத் தெரிந்தால் அங்கே கடலுக்குள் இழுத்துச்செல்லும் நீரோட்டம் இருக்கக்கூடும். தெரியாதவர் அங்கேதான் இறங்குகிறார். பிறகு கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அதிலிருந்து விலகிவிடலாம். அலைச்சறுக்குபவரோ அதே நீரோட்டத்தைப் பிடித்துத்தான் வெளியே போகிறார். சுனாமியை எந்த நீச்சலும் வெல்லாது, உண்மை. ஆனால் கரைநீர் திடீரென வற்றினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதும் இதே படிப்பில் அடங்கியதுதான். கடலோரத்தில் பிறந்த பிள்ளைகள் இதை அறியாமல் வளர்வது எனக்குப் பொறுக்கவில்லை.

அலையில் முறையும் உண்டு. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. குறுக்கே புகக் கூடாது. கரையிலிருந்து இழுக்கும் கரைவலைப் பாடுகளில் முறை வைத்து வலை வளைப்பவர்களுக்கு இது புதிதல்ல. வலை இழுக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். விளையாட வருபவர்களுக்காகத் தொழில் செய்பவரைக் கரையிலிருந்து ஒதுக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

முதலில் அவள் நன்றாக நீந்தப் பழகட்டும், தனியாக மட்டும் வேண்டாம். பிறகு மே மாதத்தில் அறுகம்பைக்குக் கூட்டிப்போங்கள். அந்தச் சங்கத்துப் பெண்களிடம் நீங்களே நேரில் பேசிப் பாருங்கள்.