ஏழு வீட்டுப் புகை

அன்புள்ள அக்கா,

நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஐ.சி.யு. நர்ஸ். ஒன்பது வருடமாகப் பாதி நாட்கள் நைட் டியூட்டிதான். வீட்டுக்கு வந்து படுத்தாலும் மானிட்டர் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஹிமாசலப் பிரதேசத்தில் கல்பா என்ற மலைக்கிராமத்தில் பனிக்காலத்தைத் தனியாகக் கழிப்பது பற்றி எழுதியிருந்ததை, டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது படித்தேன். அந்த அமைதியை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று அன்றிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இரண்டு வருடம் முன்னால் மே மாதத்தில் மணாலிக்கு டூர் போனோம். வாடகைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அழுக்குப் பனியில் நின்று போட்டோ எடுத்ததோடு சரி. அம்மாவிடம் சொன்னால் "தனியா பனிக்குள்ள போய் உக்காந்து என்ன பண்ணப் போற" என்கிறார். உண்மையிலேயே அவ்வளவு அமைதியா? ராத்திரியில் பயம் வராதா? தனிமை ஒரு கட்டத்தில் கசந்துபோகாதா?

செ., மதுரை

அன்புள்ள செ.,

உங்கள் கடிதத்தை வந்து மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன். இங்கே நல்ல பனி, கரண்டும் இல்லை, டவரும் இல்லை. நேற்று மதியம் வெயில் வந்த பிறகுதான் போனுக்கு உயிர் வந்தது.

அந்த அமைதி உண்மை. அதற்குக் காரணமும் உண்டு. புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான், பஞ்சு மாதிரி. சத்தம் அதற்குள் போனால் திரும்பி வருவதில்லை. மற்ற நாட்களில் கீழே இருக்கும் ரெக்காங் பியோ என்ற ஊரிலிருந்து பஸ் கியர் மாற்றி மாற்றி ஏறி வருவது கேட்கும், நாய் குரைப்பது எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பும். பனி விழுந்த காலையில் அத்தனையும் அடங்கிப்போயிருக்கும். கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே ராத்திரி பனி பெய்திருக்கிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். இரண்டு மூன்று நாள்தான் அந்த மாதிரி. அப்புறம் பனி இறுகி மேலே ஓடு கட்டியதும் சத்தங்கள் திரும்பி வந்துவிடும், முன்னைவிட அதிக தூரத்திலிருந்தும் கேட்கும். அதனால் அந்த முதல் நாள் காலையை நான் வீணாக்குவதில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். எதிரே சட்லெஜ் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கின்னர் கைலாயத் தொடர், 6,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். சூரியன் அதற்குப் பின்னாலிருந்துதான் ஏறி வர வேண்டும் என்பதால், வானம் வெளுத்து வெகுநேரம் ஆன பிறகும் எங்கள் ஊர் நீல நிழலுக்குள்ளேயே கிடக்கும்.

முதல் வருடம் அம்மாவுக்குப் போன் போட்டு "பனி பெய்யுதும்மா" என்றேன். "தலைக்கு ஒரு துண்டைக் கட்டிக்கோ" என்றார். மார்கழி விடிகாலையில் புல் நுனியில் நிற்பதும் நமக்குப் பனிதான், இங்கே முழங்கால் வரை கிடப்பதும் பனிதான். அம்மா சொன்னபடியே கட்டிக்கொண்டேன், இன்றுவரை கட்டிக்கொள்கிறேன்.

ராத்திரி பயமா? முதல் வருடம் இருந்தது. தகரக் கூரையில் சேர்ந்த பனி மொத்தமாகச் சரிந்து விழுந்தால் லாரி மண் கொட்டுவது மாதிரி இருக்கும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். குளிரில் உத்தரம் 'டக்' என்று போடும் சத்தம் வேறு. இப்போது எந்தச் சத்தம் எது என்று தெரியும். நீங்களும் மானிட்டரில் எந்த 'பீப்'புக்கு ஓட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பழகியிருப்பீர்கள் இல்லையா, அதே மாதிரிதான்.

கசக்காதா என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. கசக்கும். ஒரு வாரம் தொடர்ந்து வெயிலே வராமல், விறகும் ஈரமாகி, படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. ஆனால் அந்த நாட்களை யோசித்துப் பார்த்தால், எல்லாமே நான் வேலை செய்யாமல் முடங்கியிருந்த நாட்கள். பனிக்காலத்தில் இங்கே வேலைக்குப் பஞ்சமே இல்லை. வாசல் பாதையில் பனியைத் தள்ளிவிட வேண்டும், விறகு பிளக்க வேண்டும், குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்து வைக்க வேண்டும் (முதல் வருடம் இறுக்க மூடிவிட்டுப் படுத்தேன், தண்ணீர் உறைந்து பெருத்துக் குழாய் வெடித்துவிட்டது). வெயில் நாளில் ஆப்பிள் தோட்டத்தில் கிளை கழிக்கப் போவேன். இந்த ஊர் ஜனம் பனியைப் பார்த்து முணுமுணுக்காததற்குக் காரணமே ஆப்பிள்தான். பழைய ரகங்கள் ஒழுங்காகப் பூக்க வேண்டுமென்றால் பனிக்காலத்தில் ஆயிரம் மணி நேரம் வாக்கில் 7 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். பனி மெதுவாக உருகி வேருக்கு இறங்கும் ஈரம் அதற்கு மேல் லாபம். 'வெள்ளை உரம்' என்றுதான் சொல்வார்கள். பனி குறைந்த வருடங்களில் அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

உங்கள் அம்மாவிடம் சொல்வதற்கு ஒரு சங்கதி தருகிறேன். 2022 நவம்பரில் காலமான ஷியாம் சரண் நேகி இந்தக் கல்பாக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் என்று அவரைச் சொல்வார்கள். நாட்டின் பெரும்பகுதி 1952 ஜனவரி, பிப்ரவரியில் ஓட்டுப் போட்டது, இவர் 1951 அக்டோபர் 25 அன்றே போட்டுவிட்டார். பனி விழுந்தால் பாதை மூடிவிடும் என்று இந்தப் பக்கத்துக்கு மட்டும் தேர்தலை முன்கூட்டியே நடத்தினார்கள். ஒரு தேசத்தின் தேர்தலே பனிக்கு ஒதுங்கிக் கொடுத்திருக்கிறது. ஜனவரியில் 'சாஜோ' என்று ஒரு பண்டிகை, அன்று ஊர்த் தெய்வங்களையும் சொர்க்கத்துக்கு வழியனுப்பி வைத்துவிடுவார்கள். சாமிகளே ஊரில் இல்லாத நாட்கள் அவை.

எனக்குப் பிடித்தது இதுதான் செ. பாதை மூடிக்கிடக்கும்போது யாரும் என்னைக் கூப்பிட முடியாது, நான் போகாததற்கு யாரும் வருத்தப்படவும் முடியாது. நாள் முழுக்க யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் வேலை செய்கிற உங்களுக்கு இது என்னைவிட நன்றாகப் புரியும். அந்த நேரத்தில்தான் கண்ணும் காதும் சரியாக வேலை செய்கின்றன. போன வாரம் வீட்டுக்குப் பின்னால் நரித்தடம் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு. முன்கால் வைத்த குழியிலேயே பின்காலையும் வைத்து நடக்கும். வேலிக்கு அருகில் மட்டும் நாலு கால் தடமும் சேர்ந்து ஆழமாக அழுந்தியிருந்தது, பக்கத்திலேயே மூஞ்சி போன ஒரு குழி. பனிக்கு அடியில் எலி ஓடும் சத்தத்தைக் கேட்டுப் பாய்ந்திருக்கிறது. எலி கிடைத்ததா என்று தெரியவில்லை. அரைமணி நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

ஆனால் இதைத் தனிமை என்று சொல்லும்போதெல்லாம் கீழ்வீட்டுப் பாட்டி ஞாபகத்துக்கு வந்துவிடுவார். மூன்றாவது வருடம் ஒரு காலை எனக்குக் காய்ச்சல், தந்தூரைப் பற்ற வைக்காமல் படுத்துக் கிடந்தேன். தந்தூர் என்றால் இங்கே ரொட்டி அடுப்பு இல்லை, புகைக்குழாய் வைத்த இரும்பு அடுப்பு, அறைக்கு நடுவில் இருக்கும். பத்து மணி வாக்கில் கதவு தட்டும் சத்தம். எழுபது வயதைத் தாண்டிய மனுஷி, முழங்கால் பனியில் குச்சி ஊன்றி ஏறி வந்திருக்கிறார். என்ன ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை. நேராக அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, சாம்பலைத் தள்ளி, ஆப்பிள் குச்சிகளை அடுக்கிப் பற்ற வைத்து, மேலே தண்ணீர் வைத்தார். அது கொதிக்கும்வரை பேசாமல் இருந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு கை காய்ந்த ஆப்ரிகாட் பழம் எடுத்து என் தலைமாட்டில் வைத்தார். "உன் வீட்டில் புகை இல்லை" என்று ஹிந்தியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மறுநாள் பார்த்தபோது அவர் கால் வைத்த குழிகள் வரிசையாக உறைந்திருந்தன. எட்டு நாள் அப்படியே இருந்தன.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் நான் முதலில் செய்வது புகையை எண்ணுவது. என் ஜன்னலிலிருந்து ஏழு வீடு தெரியும். ஏழும் வந்த பிறகுதான் டீ.

சரி, வருவதாக இருந்தால் பிப்ரவரியில் வாருங்கள். சிம்லாவிலிருந்து ரெக்காங் பியோ வரை பஸ் உண்டு, ஆனால் வழியில் சரிவு விழுந்து ஒரு நாள் நின்றுபோகலாம், அதற்குத் தகுந்த மாதிரி லீவு போடுங்கள். 9,000 அடிக்கு மேல் இருக்கும் ஊர், முதல் நாள் வேகமாக நடக்க வேண்டாம். கறுப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும், வெயில் நாளில் பனி கண்ணைச் சுட்டுவிடும். விலை அதிகமானாலும் நல்ல ஷூ வாங்குங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: எங்கே தங்கினாலும், மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துத் தூங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டில் ஒரு அறை இருக்கிறது. நான் பக்கத்து அறையில் இருந்தாலும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன், பேச வேண்டும் என்றால் மட்டும் பேசுவோம். அம்மாவின் நம்பரை மெயிலில் அனுப்புங்கள், டவர் இருக்கும் நாளில் நானே அவரிடம் பேசுகிறேன். வரும்போது ரசப்பொடி மட்டும் அரைக்கிலோ கொண்டுவந்தால் போதும், பாட்டிக்கும் இப்போது ரசம் வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
அக்கா