ஜெனரேட்டர்களுக்கு இடையே தொடர்பு இல்லாமலே ஊசலாட்டத்தை அடக்கலாமா?

கேள்வி: எங்கள் ஆலையின் மூன்று ஜெனரேட்டர்களும் நீளமான ஒரே லைன் வழியாக கிரிட்டோடு இணைந்துள்ளன. அதிகமாக ஏற்றுமதி செய்யும்போது பவர் மெதுவாக, சுமார் அரை ஹெர்ட்ஸில் ஊசலாடுகிறது, அடங்க நேரமாகிறது. இயந்திரங்களுக்கு இடையே தகவல் தொடர்பு கிடையாது. மையக் கட்டுப்பாடு போட்டே ஆக வேண்டுமா?

பதில்: அவசியமில்லை. பெரிய கிரிட்டுகளில்கூட முதல் சில வினாடிகளைத் தாங்குவது அந்தந்த இயந்திரத்தின் சொந்தக் கட்டுப்பாடுதான். 4 சதவீத ட்ரூப் (அதிர்வெண் 4 சதவீதம் இறங்கினால் முழுத் திறன் அளவுக்கு பவரைக் கூட்டும் அமைப்பு) வைத்த 50 ஹெர்ட்ஸ் இயந்திரம், அதிர்வெண் 0.2 ஹெர்ட்ஸ் இறங்கினால், இடமிருக்கும்வரை தன் திறனில் 10 சதவீதம் கூடுதலாகத் தருகிறது. பக்கத்து இயந்திரத்தை அது கேட்பதில்லை. அதிர்வெண்ணே எல்லாருக்கும் பொதுவான செய்தி.

உங்கள் விஷயத்தில் முதலில் ஏவிஆரை, அதாவது ஜெனரேட்டரின் வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் கருவியைப் பாருங்கள். கெயின் (சிறு மாற்றத்துக்கும் எவ்வளவு பலமாக எதிர்வினை தருகிறது என்ற அளவு) அதிகமுள்ள வேகமான ஏவிஆர் வோல்டேஜை நன்றாகப் பிடித்து நிறுத்தும். ஆனால் நீண்ட லைனும் அதிக லோடும் சேரும்போது ரோட்டர் (ஜெனரேட்டரின் சுழலும் பகுதி) ஊசலைத் தணிக்கும் விசையை அதுவே குறைத்துவிடும். மின்பொறியாளர்கள் டிமெல்லோவும் கன்கார்டியாவும் 1969இலேயே இதைத் தெளிவாக விளக்கிவிட்டார்கள். இதற்கு மருந்து பிஎஸ்எஸ் (பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர்) என்ற கருவி. ரோட்டர் வேகத்தையோ பவரையோ அந்த இடத்திலேயே அளந்து, எக்சைட்டர் (ரோட்டரின் காந்தப்புலத்துக்கு மின்னோட்டம் தரும் பகுதி) வழியாக ஊசலுக்கு எதிராகத் தள்ளும்.

பல இயந்திரங்களில் பிஎஸ்எஸ் இருக்கும். ஆனால் அணைத்தே கிடக்கும், அல்லது நிறுவியபோது வைத்த செட்டிங்கிலேயே இருக்கும். அதனால் முதலில் அது ஓடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் ரெக்கார்டரில் அடுத்தடுத்த உச்சங்களை அளங்கள். முதல் உச்சம் 10 மெகாவாட் என்றால் அடுத்தது 7.3, அதற்கடுத்தது 5.3 என்று இறங்கினால் டேம்பிங் (ஊசல் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்ற அளவு) 5 சதவீதம். அதைவிட மெதுவாக இறங்கினால் கவலைப்பட வேண்டியதுதான்.

ட்யூன் செய்யும்போது இன்றைய நிலைமைக்கு மட்டும் கச்சிதமாகப் பொருத்திவிடாதீர்கள். முழு ஏற்றுமதி, குறைந்த லோடு, கிரிட் பக்கம் ஒரு லைன் போன நிலை, ஒரு ஜெனரேட்டர் நின்ற நிலை, ஒரு பிஎஸ்எஸ் அணைந்த நிலை என எல்லாவற்றிலும் ஒரே செட்டிங் தாங்க வேண்டும். ஒன்றில் பிரமாதமாகவும் மற்றொன்றில் அபாயமாகவும் இருப்பதைவிட, எல்லாவற்றிலும் சுமாராக இருப்பதே மேல். ஃபேஸ் ஈடு (எக்சைட்டரும் ஜெனரேட்டரும் உண்டாக்கும் தாமதத்தை பிஎஸ்எஸ் சரிக்கட்டும் அளவு) கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். கெயினை, அமைப்பு நிலைகுலையும் அளவில் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துவது பழகிய வழி. மெதுவான ஊசல் என்பதால் வாஷ்அவுட் (மிக மெதுவான மாற்றங்களை பிஎஸ்எஸ் கண்டுகொள்ளாதபடி வடிகட்டும் பகுதி) நேரம் 10 வினாடிக்கு அருகில் இருக்கலாம்.

கணினி மாதிரியை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். 1996 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் மேற்குக் கிரிட் சுமார் 0.25 ஹெர்ட்ஸ் ஊசல் வளர்ந்துவளர்ந்து உடைந்தது. சுமார் 75 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. அப்போது திட்டமிடலுக்குப் பயன்பட்ட மாதிரியில் அதே நிகழ்வை ஓட்டியபோது ஊசல் அடங்குவதாகவே காட்டியது. உங்கள் மாதிரியும் ரெக்கார்டரில் பதிவான ஊசலைத் திருப்பிக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே செட்டிங்கைத் தொடுங்கள்.

இவ்வளவு செய்தும் அடங்காவிட்டால், அந்த ஊசல் உங்கள் இயந்திரங்களின் அளவீட்டில் தெரிகிறதா, அங்கிருந்து அதை அசைக்க முடிகிறதா என்று ஆராய வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் லோக்கல் கட்டுப்பாட்டால் பயனில்லை. அசைக்க முடிந்தும் அளவீட்டில் தெரியவில்லை என்றால், தொலைவிலிருந்து சிக்னல் கொண்டுவர வேண்டியிருக்கும். அப்படிக் கொண்டுவந்தாலும், சிக்னல் அறுந்தால் உள்ளூர் பிஎஸ்எஸ் தனியாகவே தாங்கும்படி வையுங்கள்.