மகள் நாவல் கேட்கிறாள்

கேள்வி: புத்தகங்களைச் சிறுவர்க்கு, பெரியவர்க்கு என்று பிரிப்பது சரியா? ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் பெரியவர்கள் நாவலைக் கேட்கிறாள்.
- வாசகி, தக்கலை

பதில்: எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் படமும் பெரிய எழுத்தும் வேண்டும், சரி. அதற்குமேல் வேலி எதற்கு? நம்ம தேரூர்க் கவிமணியின் ‘மலரும் மாலையும்’ தொகுப்பில் பசு மேய, கன்று துள்ளும் குழந்தைப் பாட்டும் உண்டு, பெரியவர்களுக்கான கவிதையும் உண்டு. எல்லாம் ஒரே அட்டைக்குள். எங்கள் வீட்டுப் பிரதியில் அந்தப் பசுப் பாட்டுப் பக்கத்தில்தான் மஞ்சள் கறை. சமையலுக்கு நடுவே அம்மா விரும்பிப் புரட்டுகிற பக்கம் அது.

அந்த நாவலை முதலில் நீங்கள் படியுங்கள், அப்புறம் கொடுங்கள். புரியாததை அவளே தாண்டிப் போய்விடுவாள். மனதை உறுத்துவதை உங்களிடம்தான் கேட்பாள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.