கவுன்சில் கடிதமும் மாமி போட்ட தேத்தண்ணியும்

கேள்வி: அம்மாவுக்கு 83 வயது. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். கவுன்சில் ஏற்பாட்டில் காலையில் 45 நிமிடம், மாலையில் அரை மணி நேரம் கெயரர் (வீட்டுக்கு வந்து பராமரிப்பவர்) வந்து போகிறார். இரண்டு வருடமாக வருவது ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அம்மா அவளோடு வாய் ஓயாமல் கதைப்பார். போன வாரம் கவுன்சிலில் இருந்து ஒரு கடிதம். வீட்டுப் பராமரிப்புச் சேவையை மாற்றியமைக்க யோசிக்கிறார்களாம். ஏஜென்சி மாறலாமாம். சில வருகைகளைக் குறைத்து, மாத்திரை போடச் சொல்லி ஃபோனில் நினைவூட்டலாமாம். இங்கிலீஷில் ஃபோன் வந்தால் அம்மா வைத்துவிடுவார். கேட்டால், ‘விடு பிள்ளை, நான் சமாளிப்பன்’ என்கிறார். என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், வடமேற்கு லண்டன்)

பதில்: கடிதத்தை இன்னொருமுறை எடுத்துப் பாருங்கள், தங்கச்சி. ‘கன்சல்டேஷன்’, அதாவது கருத்துக் கேட்பு, என்று போட்டு, ஒரு கடைசித் தேதியும் இருந்தால், இன்னும் எதுவும் முடிவாகவில்லை. முடிவை மனதில் வைத்துக்கொண்டு பேருக்குக் கருத்துக் கேட்கக் கூடாது. லண்டனில் உள்ள ஹேரிங்கே கவுன்சில் தன் கவுன்சில் வரிச் சலுகையைக் குறைத்தபோது, வேறு வழிகள் இருந்ததைச் சொல்லாமலே மக்களிடம் கருத்துக் கேட்டது பிழை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் தேதிக்கு முன் எழுதிப் போடுங்கள். ‘தயவுசெய்து குறைக்காதீர்கள்’ என்று எழுதினால் யாரும் நின்று வாசிக்க மாட்டார்கள். ‘இங்கிலீஷில் ஃபோன் வந்தால் அம்மா வைத்துவிடுவார்’ என்று எனக்கு எழுதினீர்களே, அதை அப்படியே எழுதுங்கள்.

சரி, திட்டம் நிறைவேறியே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அம்மாவின் நேரம் தானாகக் குறையாது. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் கெயர் அக்ட் என்ற பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அம்மாவின் கெயர் பிளானில் (பராமரிப்புத் திட்டத்தில்) கை வைப்பதானால், அம்மாவையும் சேர்த்துக்கொண்டு அவருடைய தேவைகளைத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த ரிவியூவில்தான் எங்கள் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

நான் 19 வருடம் ஒரு கவுன்சிலில் இந்த வேலைதான் செய்தேன். அப்படியிருந்தும் என் மாமியின் ரிவியூவில் எனக்கே நடந்தது. சோஷல் வேர்க்கர் வருகிறார் என்றதும் மாமி நல்ல சேலை உடுத்து, பொட்டு வைத்து, கதவடியில் நின்றார். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் எப்படி அனுப்புவது? சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போனார். கேத்தலைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது, சோசரில் பாதித் தேத்தண்ணி. நான் எழும்பினால் கண்ணாலேயே இருத்திவிட்டார். குளிக்கிறது எப்படி என்று கேட்டதற்கு, ‘எல்லாம் நானே செய்வன்’ என்றார். பிறகு அறிக்கை வந்தது: ‘சூடான பானங்களைத் தானே தயாரிக்கிறார்.’ காலை வருகை பாதியானது. அதைத் திருப்பி வாங்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

அந்த ஐந்து மாதமும் நான் பிடித்துக்கொண்டிருந்த விதி ஒன்றுதான். ஒருவர் ஒரு காரியத்தைத் தானே செய்தாலும், அது பெரிய வலியோ பதற்றமோ தந்தால், வழக்கத்தைவிட மிக அதிக நேரம் எடுத்தால், ஆபத்தாக இருந்தால், அவரால் ‘முடியாது’ என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். சாப்பாடு, குளிப்பு, கழிப்பறை, உடுப்பு என்று பத்து விஷயங்கள் பட்டியலில் இருக்கின்றன. உடல் அல்லது மன நலக் குறைவால் அதில் குறைந்தது இரண்டு முடியாமல் போய், அது அவர் வாழ்க்கையைப் பெரிதாகப் பாதித்தால் உதவிக்குத் தகுதி உண்டு.

ஆகவே இன்றே ஒரு கொப்பி வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு எழுதுங்கள்: காலுறை போட எத்தனை நிமிடம், எந்த இரவில் மாத்திரை மறந்தது, எத்தனை தரம் தடுமாறினார். ரிவியூவுக்கு மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். பிள்ளை மனம் நோகுமென்று அம்மா உங்கள் முன் இன்னும் கூடச் சமாளிப்பார். நீங்கள் பக்கத்தில் மகளாக இருங்கள், கொப்பியோடு.

வருகையை 15 நிமிடமாக்கப் பார்த்தால், சுகாதாரத்துக்கும் பராமரிப்புக்கும் வழிகாட்டல் தரும் நைஸ் (NICE) அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டலைச் சொல்லுங்கள். அரை மணிக்குக் குறைந்த வருகை என்றால், வருபவர் அம்மாவுக்குப் பழக்கமானவராக இருக்க வேண்டும், அது பெரிய பராமரிப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும், எட்டிப் பார்ப்பது போல ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் இருக்க வேண்டும் என்கிறது அது. 15 நிமிடத்தில் என்ன நடக்குமென்று எனக்குத் தெரியும்: கோட்டைக் கழற்றி, கையுறை போட்டு, ஏட்டில் எழுதுவதற்கே ஆறேழு நிமிடம் போய்விடும்.

அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையை விட மனமில்லையென்றால் ‘டைரக்ட் பேமென்ட்’ கேளுங்கள். கவுன்சில் காசை அம்மாவின் பெயரில் தரும், ஆளை நீங்கள் தேடிக்கொள்ளலாம். ஆனால் நேரே வேலைக்கு வைத்தால் நீங்கள்தான் முதலாளி: சம்பளக் கணக்கு, லீவு, அவள் சுகமில்லாமல் படுத்தால் மாற்று ஆள், எல்லாம் உங்கள் தலையில். கணக்கில் பிடிப்பில்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. அதே பிள்ளை வேலை செய்யும் ஏஜென்சியிடமே அந்தக் காசில் சேவை வாங்க முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கவுன்சில் கெயரர் எடுத்தால் வீட்டையும் தாலிக்கொடியையும் கணக்கில் எடுப்பார்கள் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். உண்மையா?

பதில்: கோயிலில் தேங்காய் உடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டிலேயே பராமரிப்புப் பெறும்போது, நீங்கள் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டணம் கட்டாமல் தப்புவதற்காக வாங்கியதில்லையென்றால் நகையையும் சேர்ப்பதில்லை. பார்ப்பது வருமானத்தையும் சேமிப்பையும்தான். இங்கிலாந்தில் சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது. 14,250க்குக் கீழ் இருந்தால் அந்தச் சேமிப்பைத் தொடுவதில்லை. வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். 2010இலிருந்து இந்த எல்லைகள் மாறவில்லை. விலைவாசி எங்கே போய்விட்டது!

மகன் பெயரையும் போட்டு வைத்த வங்கிக் கணக்கென்றால், வேறு ஆதாரம் காட்டாவிட்டால் பாதி உங்களுடையது என்று எடுப்பார்கள். காசு உண்மையில் மகனுடையதென்றால் அதற்கான கடுதாசியைத் தேடி வையுங்கள்.

இன்னொன்று: பென்ஷன் வயதைத் தாண்டி, உடல் அல்லது மன நலக் குறைவால் பிறர் உதவி தேவைப்படுபவர்களுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகை இருக்கிறது. சேமிப்பைப் பார்க்காமல் தருவது. 2025-26இல் வாரம் 73.90 அல்லது 110.40 பவுண். அந்தப் படிவத்திலும் ‘சமாளிப்பேன்’ என்று எழுதிவிடாதீர்கள்.